குருக்களின் கைமாறி வந்த திருப்பொருள் உங்கள் கைக்கு வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு வந்தது ஒரு பித்தளைப் பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் உருவம். உள்ளங்கையை விடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். எண்பது தாண்டிய கத்தோலிக்கச் சாமியார் ஒருவர் கொடுத்தார். அவருக்கு அதைக் கொடுத்தது, அவரைக் குருமடத்துக்கு, அதாவது குருவாகப் படிக்கும் இடத்துக்கு, அனுப்பிவைத்த பங்குச் சாமி. அந்தச் சாமிக்கு அவருக்கும் மூத்த ஒருவர். நோயாளிகளுக்கு அவஸ்தை பூச, அதாவது புனித எண்ணெய் பூசிச் செபிக்க, போகும்போதெல்லாம் மூன்று பேரும் பையில் எடுத்துப்போன சுரூபம். சாகக் கிடந்தவர்களின் உதடு பட்டுப் பட்டு, பாதத்தில் அடித்த ஆணியின் தலையே காணாமல் போய்விட்டது. விரலால் தடவினால் கூழாங்கல் மாதிரி வழுக்கும்.

இதைப் பார்த்தவர்களும் கேள்விப்பட்டவர்களும் தங்கள் வீட்டுக் கதையோடு வருகிறார்கள். சித்தப்பா சாமியாரின் கிண்ணம், யாரோ ஆயர் கொடுத்த செபமாலை, மெழுகு முத்திரை வைத்த சின்ன டப்பி. நான் குரு அல்ல, திருச்சபைச் சட்டம் படித்தவனும் அல்ல. விசாரித்துத் தெரிந்துகொண்டதையும், ஒரு விஷயத்தில் தப்பு செய்து தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

"வேண்டாம் சாமி, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று மறுப்பதுதானே மரியாதை?

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். "எனக்கு இனி எதுக்கு தம்பி, போற எடத்துக்கு ஒரு பெட்டிதான்" என்றார். ஓய்வு இல்லத்துக்குப் போகும் குரு அறையைக் காலி செய்தாக வேண்டும். யாருக்கு எதைக் கொடுப்பது என்று பல ராத்திரி யோசித்த பிறகுதான் உங்களைக் கூப்பிட்டிருப்பார். நீங்கள் மறுத்தால் அந்தப் பொருள் அவரோடு போகாது, அட்டைப் பெட்டிக்குள் போகும். இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு கேள்வி கேட்டுவிட்டு.

என்ன கேள்வி?

"இது உங்களுடையதா சாமி, கோயிலுடையதா?" கேட்கக் கூச்சமாக இருந்தால், "இதை நான் எடுத்துப் போறதை யாரிடமாவது சொல்லணுமா?" என்று கேளுங்கள். அர்த்தம் ஒன்றுதான்.

ஆயரின் கீழ் வேலை செய்யும் மறைமாவட்டக் குருவுக்கு, சொந்தமாக எதுவும் வைத்துக்கொள்வதில்லை என்ற ஏழ்மை வார்த்தைப்பாடு கிடையாது. சொந்தமாகப் பொருள் வைத்துக்கொள்ளலாம், கொடுக்கலாம், உயில் எழுதலாம். துறவற சபைக் குருவின் நிலை வேறு. அவர் உழைத்துப் பெறுவதும் சபையின் பொருட்டுப் பெறுவதும் சபைக்கே சேரும் என்கிறது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 668-ஆம் சட்டம். ஆகவே சபைச் சாமியார் மதிப்புள்ள எதையாவது கொடுத்தால் இல்லத் தலைவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் அவரே "சுப்பீரியர்கிட்ட சொல்லிட்டேன்" என்று முன்கூட்டிச் சொல்லிவிடுவார்.

பங்குக் கோயிலின் பொருள் என்றால் அதைக் கொடுக்க அவருக்கே உரிமை இல்லை. இதில் இன்னொன்றும் உண்டு. ஒரு பங்குக்கோ மறைமாவட்டத்துக்கோ சபைக்கோ சொந்தமான திருப்பொருள், தனி ஆளின் வீட்டில் எத்தனை வருடம் இருந்தாலும் அனுபவ பாத்தியதையால் அவருடையதாகிவிடாது. 1269-ஆம் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. "தாத்தா காலத்திலிருந்து எங்க வீட்லதான் இருக்கு" என்ற வாதம் இங்கே எடுபடாது.

குரு இறந்துவிட்டார். குடும்பத்தார் நாங்கள்தான் அலமாரியைத் திறக்கிறோம். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

முதலில் வட்டமான சின்னச் சிமிழ்களைத் தேடுங்கள். நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும் சிமிழாக இருக்கலாம். உள்ளே அப்பம் இருப்பது தெரிந்தால் அப்படியே மூடி வைத்துவிட்டு, அருகிலுள்ள பங்குத்தந்தையைக் கூப்பிடுங்கள். அது பூசையில் அர்ச்சிக்கப்பட்ட நற்கருணையா என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க முயலவும் வேண்டாம்.

உலோகத்தில் உருளை வடிவச் சிமிழ், உள்ளே எண்ணெயில் நனைந்த பஞ்சு, மூடியில் லத்தீன் எழுத்துகள் இருந்தால் அது புனித எண்ணெய். அதையும் குருவிடமே ஒப்படையுங்கள். பழைய எண்ணெயை எரிப்பதுதான் வழக்கம்.

மூன்றாவது, உயில். குருக்கள் பலர் எழுதிவைத்திருப்பார்கள், நகல் ஆயர் இல்லத்தில் இருக்கும். சொந்தக்காரர்கள் பங்குபோட்டு எடுத்துப் போன பிறகு உயில் வெளிவந்தால் தர்மசங்கடம்.

ஒரு வெள்ளைத் துணியில் எண்ணெய்க் கறை மஞ்சளித்து, மடித்து, பத்திரமாக வைத்திருந்தால் அழுக்கு என்று துவைத்துவிடாதீர்கள். குருப்பட்டத்தின்போது ஆயர் கிறிஸ்மா என்ற புனித எண்ணெய் பூசிய கைகளைத் துடைத்த துணியாக இருக்கலாம். அதைத் தாயிடம் கொடுப்பதும், தாய் இறந்தால் அவர் கையோடு சேர்த்து அடக்கம் செய்வதும் பல இடங்களில் உள்ள வழக்கம். இன்னும் அலமாரியிலேயே இருக்கிறது என்றால், தாய் மகனுக்கு முன்பே போயிருப்பார் அல்லது அந்த அமளியில் யாருக்கும் நினைவு வந்திருக்காது.

வாங்கியாயிற்று. முதல் வேலை என்ன?

எழுதி வைப்பது. கழுவுவது, துடைப்பது, கண்ணாடிப் பெட்டி செய்வது எல்லாம் பிறகு.

கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்கள். யாரிடமிருந்து வந்தது, எந்த ஆண்டு, என்ன சந்தர்ப்பம், அவருக்கு முன் யார். போனில் அவர் குரலையே பதிவு செய்துகொண்டால் இன்னும் நல்லது. ஒரு பெயர் அறுந்தால் அதற்கு முந்தைய பெயர்களும் சேர்ந்து போய்விடும். பித்தளைச் சுரூபம் எங்கும் கிடைக்கும். அதைப் பிடித்திருந்த கைகளின் வரிசைதான் எங்கும் கிடைக்காது. என்னிடம் வந்ததன் பின்பக்கத்தில் ஆணியால் கீறிய இரண்டு பேரின் முதலெழுத்துகள் இருக்கின்றன. மூன்றாமவர், அதாவது எனக்குக் கொடுத்தவர், கீறவில்லை. ஏன் சாமி என்றேன். "எடம் இருந்துச்சு, மனசு வரல" என்றார்.

பொருளே பல விஷயங்களைச் சொல்லும். கிண்ணத்தைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். குருவின் பெயர், பட்டம் பெற்ற நாள், கொடுத்த பெற்றோரின் பெயர் பொறித்திருக்கலாம். தண்டில் பதித்த கல்லோ மோதிரமோ பெரும்பாலும் அம்மாவுடையது. குருக்கள் தினமும் சொல்லும் கட்டளைச் செபப் புத்தகம் என்றால் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். ரிப்பன்களோடு சேர்த்து, உடன் படித்தவர்களின் குருப்பட்ட நினைவு அட்டை, தாயின் இறப்பு நினைவு அட்டை எல்லாம் அதில்தான் செருகியிருக்கும். எந்த அட்டை எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இறந்தவர்களுக்கான செபத்தின் பக்கத்தில் ஒருவருடைய முகம் நாற்பது வருடம் இருந்தது என்றால், அது தற்செயலாக இருக்காது.

கை மாறியதால் மந்திரித்தது, அதாவது குரு கொடுத்த ஆசீர், போய்விடுமா? மறுபடி மந்திரிக்க வேண்டுமா?

போகாது, வேண்டாம். கொடுப்பதாலோ வாங்குவதாலோ ஆசீர் போவதில்லை. 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத் தொகுப்பில், திருப்பொருளின் வடிவமே சிதைந்துபோனாலோ, தகாத காரியத்துக்குப் பயன்பட்டாலோ, பொது விற்பனைக்கு வைக்கப்பட்டாலோ அதன் அர்ச்சிப்பு போய்விடும் என்று இருந்தது. இப்போதைய 1171-ஆம் சட்டம் வேறு விதமாகப் பேசுகிறது: வழிபாட்டுக்கென்று ஒதுக்கப்பட்ட பொருளை, அது தனியார் கையில் இருந்தாலும், மரியாதையோடு நடத்த வேண்டும், உலக காரியத்துக்கோ தகாத காரியத்துக்கோ பயன்படுத்தக் கூடாது. தனியார் கையில் இருக்கலாம் என்பது அந்த வாசகத்திலேயே அடங்கியிருப்பதைக் கவனியுங்கள்.

செபமாலையைப் பிறருக்குக் கொடுத்தால் பரிபூரண பலன் போய்விடும் என்று பாட்டி சொல்வார்களே?

பரிபூரண பலன் என்பது பாவத்துக்கான தண்டனையிலிருந்து திருச்சபை தரும் விடுதலை. பாட்டி சொன்னது அவருக்கும் முந்தைய காலத்து விதி. இப்போது, பொருள் முழுக்க அழிந்தாலோ விற்கப்பட்டாலோ மட்டும்தான் அதோடு இணைந்த பலன் நீங்கும். தானமாகக் கொடுக்கலாம், இரவல் கொடுக்கலாம். விற்கத்தான் கூடாது.

பூசையில் திராட்சை இரசம் வைக்கும் இரசக் கிண்ணம் வந்திருக்கிறது. நாங்கள் குருக்கள் அல்லாத பொதுநிலையினர். வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

குருவின் சொந்தக் கிண்ணமாக இருந்து, அவர் உங்களுக்கே எழுதியோ சொல்லியோ வைத்திருந்தால் வைத்துக்கொள்ளலாம். தொட்டால் பாவமா என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பழைய சட்டத்தில் குருநிலையினரும் பாதுகாக்கும் பொறுப்பில் இருந்தவர்களும் தவிர மற்றவர்கள் கிண்ணத்தைத் தொடக் கூடாது என்று இருந்தது, அந்தப் பயம் இன்னும் வீடுகளில் மிச்சம் இருக்கிறது. இப்போது அந்தத் தடை இல்லை. ஆனால் அதில் பூ வைப்பது, பேனா போடுவது, குடிப்பது எதுவும் கூடாது. திருப்பொருளை அவமதிப்பது சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், கண்ணாடி அலமாரியில் நிற்கும் கிண்ணம் வேலை நிறுத்தப்பட்ட கிண்ணம். புதிதாகப் பட்டம் பெறும் ஒருவருக்கோ, பாத்திரம் இல்லாமல் சிரமப்படும் பங்குக்கோ கொடுங்கள். முழுதாகப் பிரிய மனம் இல்லையென்றால் இரவலாகக் கொடுங்கள். சித்தப்பாவின் நினைவு நாளில் அதே கிண்ணத்தில் அவருக்காகப் பூசை வைக்கச் சொல்லுங்கள்.

கொடுக்கும் முன் உட்புறத்தைப் பாருங்கள். துருப்பிடிக்கும் உலோகத்திலோ பொன்னை விடத் தாழ்ந்த உலோகத்திலோ செய்த கிண்ணத்துக்கு உட்புறம் பொன்முலாம் இருக்க வேண்டும் என்பது திருப்பலி விதிமுறை. முலாம் தேய்ந்து வெள்ளியோ பித்தளையோ தெரிந்தால் திரும்பப் பூசக் கொடுக்கலாம். அதனால் அர்ச்சிப்பு போகாது என்று பழைய சட்டமே சொன்னது.

கண்ணாடி வைத்த வட்டச் சிமிழில் கடுகளவு ஏதோ ஒட்டியிருக்கிறது. பின்னால் சிவப்பு மெழுகு. இது என்ன?

திருப்பண்டமாக இருக்கலாம், அதாவது ஒரு புனிதரின் உடலிலிருந்தோ உடையிலிருந்தோ எடுத்த சிறு துண்டு. கண்ணாடிக்குள் நூலிழை அகலக் காகிதத்தில் லத்தீனில் புனிதரின் பெயர் இருக்கும். அதற்கு முன் வரும் சொற்களைப் பாருங்கள். 'எக்ஸ் ஒசிபுஸ்' என்றால் எலும்பிலிருந்து, 'எக்ஸ் இந்துமெந்திஸ்' என்றால் உடையிலிருந்து. பின்னால் சிவப்புப் பட்டுநூலைக் குறுக்கே கட்டி, அதன்மேல் மெழுகில் முத்திரை வைத்திருப்பார்கள். நூலை அறுக்காதீர்கள், மெழுகைச் சுரண்டாதீர்கள், "உள்ளே என்னதான் இருக்கு பார்ப்போம்" என்று திறக்காதீர்கள். முத்திரை உடைந்த கணமே அதற்கான சான்று போய்விடுகிறது.

சிமிழைவிட முக்கியமானது அதனோடு வந்திருக்க வேண்டிய காகிதம். இந்தத் திருப்பண்டம் இன்ன புனிதருடையது என்று சான்றளித்து, கையெழுத்தும் முத்திரையும் இட்ட லத்தீன் சான்றிதழ் அது. பெரும்பாலும் நான்காக மடித்து, குருவின் ஏதாவது ஒரு புத்தகத்துக்குள் கிடக்கும். ஆகவே புத்தகங்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போடும் முன் உதறிப் பாருங்கள். காகிதம் இல்லாவிட்டால் வீட்டில் மரியாதையாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் கோயிலில் பொது வணக்கத்துக்கு வைக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். வத்திக்கானின் புனிதர் பட்ட நடவடிக்கைகளுக்கான பேராயம் 2017 டிசம்பரில் வெளியிட்ட அறிவுறுத்தலும் சான்று இல்லாதவற்றை வணக்கத்துக்கு வைக்கக் கூடாது என்கிறது. ஆயர் இல்லத்தில் காட்டி வழி கேளுங்கள்.

விற்பது? கூடவே கூடாது. 1190-ஆம் சட்டத்தின் முதல் வரியே அதுதான்.

எப்படிச் சுத்தம் செய்வது?

இங்கேதான் நான் தப்பு செய்தேன். சுரூபம் வந்த வாரமே, கறுத்துக் கிடக்கிறதே என்று பித்தளை பாலிஷ் வாங்கி, பழைய பனியன் துணியால் அரை மணி நேரம் தேய்த்தேன். தங்கம் மாதிரி மின்னியது. திருப்பிப் பார்த்தால், கீறியிருந்த நான்கு எழுத்துகளில் முதலாவது பாதி மழுங்கிவிட்டது. எழுபது வருடத்துக் கறுப்புதான் அந்தக் கீறலைக் கண்ணுக்குக் காட்டிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. சாமியிடம் போய் ஒப்புக்கொண்டேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா தேச்சிருக்க" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆகவே, உலர்ந்த மென்பருத்தித் துணி போதும். முலாம் பூசியதைப் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் முலாமே கழன்று வரும். பட்டுத் திருவுடைகளைப் பிளாஸ்டிக் உறையில் அடைக்காமல், சாயமில்லாத பருத்தித் துணியில் சுற்றி, வருடத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள். கிழிந்த செபப் புத்தகத்துக்கு செலோடேப் ஒட்டாதீர்கள்.

தந்தத்தில் செய்த சுரூபத்தை வெளிநாட்டுக்கு எடுத்துப் போகலாமா?

அனுமதி இல்லாமல் முடியாது. அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும், 1975 முதல் நடைமுறையில் இருக்கும் சைட்டிஸ் ஒப்பந்தம் பழைய பொருள்களையும் கட்டுப்படுத்துகிறது. விமான நிலையத்தில் பறிகொடுப்பதை விட, கிளம்பும் முன்பே இரு நாட்டு வனத்துறை விதிகளையும் விசாரித்துவிடுங்கள்.

அன்றாடம் பயன்படுத்தலாமா, பத்திரமாகப் பூட்டி வைக்கவா?

செபமாலை செபிக்கத்தான். அறுந்தால் கோத்துக்கொள்ளலாம். சுரூபத்தை நோயில் கிடக்கும் உறவினரின் தலைமாட்டில் வைக்கலாம். அதன் பழைய வேலையும் அதுதானே? எனக்குக் கொடுத்த சாமியாரைக் கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது, "இருக்கா?" என்று மட்டும் கேட்டார். பையில்தான் இருந்தது. எடுத்துக் கையில் வைத்தேன். கட்டைவிரல் தானாகவே பாதத்துக்குப் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பித் தந்துவிட்டார். வீட்டு பீரோவில் பூட்டியிருந்தால் அன்று என்ன பதில் சொல்லியிருப்பேன்?

நான் கத்தோலிக்கர் அல்ல. சொல்லப்போனால் நம்பிக்கையே இல்லை. நண்பரான குரு கொடுத்ததை வைத்துக்கொள்வது சரியா?

கொடுத்தவருக்கு அது தெரியாதா என்ன? தெரிந்துதான் கொடுத்திருப்பார்.

திருத்தந்தை ஆறாம் பவுல் 1966 மார்ச் 24 அன்று தன் விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றி, ஆங்கிலிக்கத் திருச்சபையின் கான்டர்பரி பேராயர் மைக்கேல் ராம்சியின் விரலில் போட்டார். ராம்சி கத்தோலிக்கர் ஆகிவிடவில்லை. ஆனால் மோதிரத்தை ஆயுள் முழுக்கப் போட்டிருந்தார். அவருக்குப் பின் வந்த பேராயர்கள் திருத்தந்தையைச் சந்திக்கப் போகும்போது அதை அணிந்து போயிருக்கிறார்கள்.

இன்னொன்று இதைவிடக் கனமானது. டச்சுக் கார்மேல் சபைக் குரு டைட்டஸ் பிராண்ட்ஸ்மா, டாகாவ் வதைமுகாமில் 1942 ஜூலை 26 அன்று நச்சு ஊசி போட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஊசியைப் போட்ட செவிலியிடம்தான் தன் செபமாலையைக் கொடுத்திருந்தார். அவள் தனக்குச் செபிக்கத் தெரியாது என்றபோது, செபமாலையில் வரும் "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்ற பகுதியை மட்டுமாவது சொல் என்றாராம். பிற்பாடு அவருடைய புனிதர் பட்ட விசாரணையில் சாட்சி சொன்னவர்களில் அந்தப் பெண்ணும் ஒருவர். 2022 மே 15 அன்று பிராண்ட்ஸ்மா புனிதராக அறிவிக்கப்பட்டார். வாங்குபவரின் தகுதியைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்றால் அந்தச் செபமாலை யார் கைக்கும் போயிருக்காது.

என்னிடம் வந்தது மலிவான மரச் சிலுவை. பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லையே?

வியட்நாமின் ஆயர் வான் துவான் 1975 முதல் 13 ஆண்டுகள் சிறையிலும் காவலிலும் இருந்தார். உள்ளே இருக்கும்போது மரத்துண்டில் சிலுவை செதுக்கி, காவலர் தந்த மின்கம்பியில் சங்கிலி செய்துகொண்டார். விடுதலையாகி, கர்தினால் ஆன பிறகும் அவர் கழுத்தில் இருந்தது அதுதான்.

சகோதரர்கள் நாலு பேரும் கேட்கிறோம். யாருக்கு?

யாருக்கும் வேண்டாம். குருமடத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

உடைந்து, சரிசெய்யவே முடியாத நிலைக்கு வந்தால்?

குப்பையில் போடாதீர்கள். எரியக்கூடியதை எரித்துச் சாம்பலை மண்ணில் புதைப்பதும், எரியாததை உடைத்து, கால்படாத இடத்தில் புதைப்பதும் வழக்கம். உலோகத்தை உருக்கி வேறொரு திருப்பொருள் செய்யக் கொடுக்கலாம்.

உங்கள் சுரூபம் உங்களுக்குப் பிறகு யாருக்கு?

தெரிந்த பையன் ஒருவன் குருமடத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பட்டம் பெற்றால் அவனுக்கு என்று சீட்டில் எழுதி, சுரூபத்தோடு பையில் போட்டிருக்கிறேன். பாதியில் திரும்பி வந்துவிட்டால்? அப்போதும் அவனுக்கே கொடுக்க வேண்டும், அப்போதுதான் அவனுக்கு அது அதிகம் தேவைப்படும் என்கிறாள் என் மனைவி. நான் இன்னும் அந்த வரியை மாற்றவில்லை. சீட்டைப் பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன்.